வேகக் கேமராவைக் காட்டிக்கொடுக்கும் கருவியை நம்பி வண்டி ஓட்டலாமா?

மண்டபம் பக்கத்திலிருந்து வேன் ஓட்டுநர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. மீன் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளமும் நடைக்கு இவ்வளவு என்று படியும் வாங்கிக்கொண்டு சரக்கு வேன் ஓட்டுகிறார். நண்டையும் கணவாயையும் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, பெட்டிகளை ஏற்றி முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அங்கிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். "இரண்டு மணி நேரத்தில் சந்தையில் நிற்க வேண்டும்" என்று முதலாளி ஒவ்வொரு நடைக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். பிந்தினால் படியில் வெட்டு விழுகிறது.

இதற்கிடையில் அவர் ஓட்டும் வேனுக்கு மூன்று இ-செலான்கள் வந்துவிட்டன. வேக வரம்பு 60 உள்ள இடத்தில் ஒருமுறை 84, இன்னொருமுறை 91 என்று பதிவாகியிருக்கிறது. மூன்றாவது செலான் மீன்பிடித் தடைக்காலத்துத் தேதியில் வந்தது. அன்று வேன் உச்சிப்புளியில் ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது என்கிறார். மூன்றுக்கும் உரிய தொகையை முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். "அவர் அதைக் கட்டினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது அம்மா" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது நண்பர்கள் இரண்டு யோசனை சொல்கிறார்களாம். ஒன்று, 18,000 ரூபாய்க்கு வெளிநாட்டு ரேடார் டிடெக்டர். வேகக் கேமரா வருமுன்னே ஒலி எழுப்பும், அமெரிக்காவில் லாரிக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், இந்தியாவில் தடையும் இல்லை என்று சொல்கிறார்கள். இன்னொன்று, காவல்துறை வயர்லெஸ்ஸைக் கேட்கும் ஸ்கேனர். "படகில் வி.எச்.எஃப். வயர்லெஸ் வைத்திருக்கிறோமே, வண்டியில் வைத்தால் என்ன?" என்பது அந்த நண்பரின் வாதம். மனைவியின் தோட்டை அடகு வைத்து டிடெக்டரை வாங்கிவிடலாமா, பிடிபட்டால் என்ன ஆகும், ஓட்டுநர் உரிமம் போய்விடுமா என்று கேட்கிறார்.

வணக்கம் தம்பி. தோட்டை அடகு வைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு விளக்குகிறேன். அந்தக் கருவி உங்களைச் செலானிலிருந்து காப்பாற்றப் போவதில்லை. நீங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான், அந்த இரண்டு மணி நேரக் கட்டளைதான், உங்கள் பிரச்சினையின் வேர். அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் டிடெக்டரைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கருவிக்கு எது கேட்கும், எது கேட்காது

ரேடார் வேகமானி ரேடியோ அலையை வண்டியின் மேல் வீசுகிறது. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. டிடெக்டர் என்பது அந்த அலையை மோப்பம் பிடிக்கும் ஓர் அலைவாங்கி, அவ்வளவுதான். ரேடார் விடாமல் அலை வீசிக்கொண்டிருந்தால், நேரான சாலையில் தொலைவிலேயே டிடெக்டர் ஒலி எழுப்பிவிடும். அமெரிக்காவில் இது பிரபலமானதற்கு அதுவே காரணம். அங்கே காவலர்கள் பல்லாண்டுகளாக ரேடார் துப்பாக்கியை நம்பியிருந்தார்கள். ஆகவே கருவி முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. நிலையாகப் பொருத்திய ரேடார் கேமரா ஒன்றை அது சில சமயம் காட்டிக்கொடுக்கலாம்.

ஆனால் இன்டர்செப்டர் எனப்படும் வேகச் சோதனை ரோந்து வாகனத்தில் வரும் காவலர் கையில் இருப்பது பெரும்பாலும் லேசர் கருவி. ரேடார் அலையைப் போல அது பரவாது. 300 மீட்டர் தொலைவிலும் லேசர் கற்றையின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். உங்கள் வேனின் நம்பர் பிளேட்டைக் குறிவைத்து அழுத்தினால் அரை விநாடிக்குள் வேகம் திரையில் வந்துவிடும். உங்களுக்கு முன்னால் போன வண்டியை அளந்தபோது அந்த ஒளி உங்கள் பக்கம் சிதறக்கூட வாய்ப்பு குறைவு. லேசரையும் கண்டுபிடிக்கும் என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது கண்டுபிடித்துக் கத்தும்போது அளவு எடுத்து முடிந்திருக்கும், படமும் பதிவாகியிருக்கும். 91-ல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. ஒலி காதில் விழுந்து, கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் உங்கள் செலான் தயாராகிவிட்டது.

இரண்டு கேமராக்களை இரண்டு இடத்தில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையும் இருக்கிறது. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா இருந்தால் போதும், அதில் அலையே வீசுவதில்லை. டிடெக்டருக்கு அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை.

பொய்யான எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். வேக அளவைக்கு உதவும் 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் கடைகளின் தானியங்கிக் கதவுகளும், புதிய கார்களில் பக்கத்து வண்டியை உணர்த்தும் கருவிகளும் பயன்படுத்துகின்றன. பின்னால் வரும் கார் ஒவ்வொன்றுக்கும் அது கத்தினால் என்ன செய்வீர்கள்? ஐஸ் பெட்டி ஏற்றிய வேனில், இருட்டில், திடீரென்று பிரேக்கை மிதிப்பீர்கள். அல்லது சலித்துப்போய் அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடுவீர்கள். முதலாவது ஆபத்து. இரண்டாவதற்கு 18,000 ரூபாய் எதற்கு?

'தடை இல்லை' என்பது அரை உண்மை

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ரேடார் டிடெக்டர் என்று பெயர் சொல்லித் தடை செய்த பிரிவு இல்லை. உங்கள் நண்பர் அந்த மட்டில் சரி. ஆனால் ரேடியோ அலை சார்ந்த கருவிகளை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் தொலைத்தொடர்புச் சட்டங்களின் கண்காணிப்பில் வருகிறது. தபாலில் வரும் பொட்டலத்தைச் சுங்கத்துறை பிரித்துப் பார்த்து ஒப்புதல் சான்று கேட்டால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. கருவியும் போகும், பணமும் போகும். இதே கடைகளில் விற்கும் 'ஜாமர்' பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். தகவல் தொடர்பை முடக்கும் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதையே 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தடை செய்கிறது.

அமெரிக்க உதாரணத்தையும் முழுதாகக் கேளுங்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் டிடெக்டர் வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியா மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை. அதோடு, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு லாரி போன்ற வணிக வாகனங்களில் டிடெக்டர் வைத்திருப்பதை அந்நாட்டு மத்திய அரசின் விதி 1990-களிலிருந்தே தடுக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன அந்த லாரிக்காரர்களுக்குத்தான் அங்கே அது கூடாது. ஜெர்மனியில் ஓட்டுநர் அதைப் பயன்படுத்தக் கூடாது, பிரான்சிலும் தடை.

இன்னொரு கோணத்தையும் யோசியுங்கள். கடவுள் காப்பாற்றட்டும், நாளைக்கு ஒரு விபத்து நேர்ந்து, வண்டியைச் சோதிக்கும்போது கண்ணாடிக்குக் கீழே டிடெக்டர் கிடந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எப்படிப் பயன்படுத்துவார்? 'இவர் தெரியாமல் வேகமாகப் போகவில்லை, பிடிபடாமல் வேகமாகப் போவதற்கு ஏற்பாடு செய்துகொண்டே போனார்' என்பார். அந்த வாதத்துக்கு மறுமொழி சொல்வது எனக்கும் கடினம். கவனக்குறைவால் உயிர் போனால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை இருக்கிறது.

ஸ்கேனர் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள்

படகில் இருக்கும் வி.எச்.எஃப். கடலில் உயிர் காக்க அனுமதிக்கப்பட்ட கருவி. ஆபத்தில் அழைக்கவும், கடலோரக் காவல்படை சொல்வதைக் கேட்கவும் ஒதுக்கிய அலைவரிசை அது. காவல்துறையின் பேச்சை ஒட்டுக்கேட்பது முற்றிலும் வேறு விஷயம். தகவலைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் அதே 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நாம் வாழும் கரை எது என்பதையும் நினைத்துப் பாருங்கள். எதிரே இலங்கை. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம். கடத்தலுக்கும் ஊடுருவலுக்கும் இரவும் பகலும் சோதனை நடக்கும் கடற்கரை. நள்ளிரவில் மூடிய வேனில் அலைவரிசை தேடும் கருவியோடு ஒருவர் பிடிபட்டால், 'வேகக் கேமராவுக்குப் பயந்து வைத்திருக்கிறேன்' என்பதை முதலில் யார் நம்புவார்கள்? நம்பவைப்பதற்குள் எத்தனை நாள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும்? வேகச் சோதனைக்கு நிற்கும் காவலர்கள் அடுத்த வண்டி எது என்று வயர்லெஸ்ஸில் அறிவித்துக்கொண்டிருப்பதும் இல்லை. ஆகவே பயனும் கிடையாது.

அந்த இரண்டு மணி நேரக் கட்டளை

இப்போது எனக்கு மிக முக்கியமாகப்படும் இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்குப் போடுவோம். மண்டபத்திலிருந்து பரமக்குடி வரை சுமார் 75 கிலோமீட்டர் இருவழிச் சாலை. ராமநாதபுரம்–பரமக்குடி இடையே 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அந்த வேலை முடியும்வரை எதிரும் புதிருமாக வண்டிகள் வரும் சாலைதான். உங்கள் செலான்களில் எழுதியிருக்கும் வரம்பான 60-ஐத் துளியும் குறையாமல் ஓட்டினாலும் அந்தப் பாதிக்கு 75 நிமிடம் வேண்டும். பரமக்குடியிலிருந்து மதுரை வரை நான்கு வழிச் சாலையில் 80-லேயே ஓட்டுவதாக வைத்துக்கொண்டால் இன்னும் 56 நிமிடம். மொத்தம் 131 நிமிடம். இதில் சுங்கச்சாவடி இல்லை, வேகத்தடை இல்லை, ஊருக்குள் நுழைவது இல்லை, ஒன்றுக்குக்கூட நிறுத்துவது இல்லை. உண்மையில் மூன்று மணி நேரம் ஆகும்.

ஆக, முதலாளி சொல்லும் நேரத்தில் சட்டத்தை மீறாமல் யாராலும் போக முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு இந்த நிலையை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. வரம்பு மீறி ஓட்டுபவருக்கு முதல் உட்பிரிவில் தண்டனை. தன்னிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்டவைக்கும் முதலாளிக்கும் அதே உட்பிரிவில் அதே தண்டனை. நான்காவது உட்பிரிவு இன்னும் தெளிவானது: ஒரு பயணத்தை இவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கட்டளையிட்டு, வேக வரம்பை மீறாமல் அதை முடிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்தக் கட்டளையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சான்று, அதாவது அவர் மறுத்து நிரூபிக்காதவரை ஏற்கப்படும் சான்று, ஆகிவிடும். உங்கள் கைபேசியில் இருக்கும் குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். அழிந்துபோனால் திரும்ப வராது. இன்றே வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.

இதை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி மேல் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு வேலை வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். முதலில் பேசுங்கள். அடுத்த நடைக்குக் குரல் பதிவு வரும்போது மரியாதையாக ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்: 'அண்ணாச்சி, வரம்புக்குள் ஓட்டினால் மூன்று மணி நேரம் பிடிக்கிறது. ஒரு மணி நேரம் முன்னதாக ஏற்றிவிட்டால் சந்தை நேரத்துக்குச் சரியாகப் போய்விடலாம்.' இந்த ஒரு செய்தி இரண்டு வேலை செய்யும். அவருக்கு வழி காட்டும். நீங்கள் எச்சரித்தீர்கள் என்பதற்கும் பதிவாக இருக்கும். மீனுக்குச் சம எடை ஐஸ் போட்டு மூடிய பெட்டியில் ஒரு மணி நேரக் கூடுதல் பயணத்தால் மீன் கெட்டுப்போகாது என்பது உங்களுக்கும் அவருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். பிரச்சினை ஏற்றும் நேரத்தில் இருக்கிறது. 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போகும் முதல் வாரங்களில் எல்லாக் கம்பெனி வண்டிகளும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அந்த நெருக்கடி வருவதற்கு முன் பேசி முடிப்பது நல்லது.

சம்பளப் பிடித்தமும் அவர் இஷ்டத்துக்குச் செய்யக்கூடியது அல்ல. எவற்றுக்குப் பிடிக்கலாம் என்று ஊதியச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பிடித்த தொகைக்கு எழுத்தில் கணக்குக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்றை வருத்தத்தோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான சரக்கு வாகனங்களில் 80-க்கு மேல் போகாதபடி தடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தயாரிப்பாளரே பொருத்தித் தர வேண்டும் என்பது விதி. உங்கள் வேன் அதற்குப் பிந்தியது என்றால், 84-ம் 91-ம் எப்படிப் பதிவாகியிருக்க முடியும்? யாரோ கருவியின் இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். நீங்களா, முதலாளியா, முன்பு ஓட்டியவரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதும், விபத்து நடந்தால் விசாரணையிலும், இது முதலில் வெளியே வரும். உடனே சரிசெய்துவிடச் சொல்லுங்கள். அது வேலை செய்தால் உங்களுக்கே ஒரு பாதுகாப்பு: 'வண்டி அதற்கு மேல் போகாது அண்ணாச்சி' என்று சொல்லிவிடலாம்.

மூன்று செலான்களும் ஒன்றல்ல

முதலில், அவை கட்டப்பட்டனவா என்று பாருங்கள். அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகன் இணையதளத்தின் இ-செலான் பக்கத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் தெரிந்துவிடும். கட்டாமல் விட்டால் காலப்போக்கில் தானாகத் தள்ளுபடியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. வண்டியின் தகுதிச் சான்று, பெயர் மாற்றம் போன்ற வேலைகள் தடைபடும்.

84, 91 என்ற இரண்டும் நீங்கள் ஓட்டியதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றோடு சண்டை போடாதீர்கள், கட்டி முடித்துவிடச் செய்யுங்கள். இலகுரக வாகனத்துக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை என்று சட்டம் சொல்கிறது. நடுத்தர, கனரக வாகனமானால் 2,000 முதல் 4,000 வரை. உங்கள் வேன் எந்த வகை என்பது பதிவுச் சான்றில் இருக்கும். 'கார்கள் என்னைத் தாண்டிப் போகின்றன, அவர்களுக்கு மட்டும் செலான் வருவதில்லை' என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். வரம்பு வாகன வகைக்கு வகை மாறும். கார்களுக்குரிய பலகையைப் பார்த்து நீங்கள் ஓட்டக் கூடாது.

மூன்றாவது செலானை மட்டும் விடவே கூடாது. செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டினால் அது உங்கள் கணக்கில் இன்னொரு குற்றமாக ஏறி நிற்கும். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167-ஏ விதியின்படி, கேமரா செலானில் குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று ஆகியவை இருக்க வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதியில் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். பலகை இல்லை என்ற ஒரே காரணத்தால் செலான் தானாக விழுந்துவிடாது. ஆனால் நடுவர் முன் எடுத்துச் சொல்லத்தக்க குறை அது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது உங்கள் வேன்தானா? எண்ணில் 3-ஐ 8 என்று இயந்திரம் படித்திருக்கலாம். கூண்டின் நிறம், பக்கவாட்டில் எழுதிய பெயர், முன்கண்ணாடியில் ஒட்டிய படம், எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பட்டறைக்காரரிடம் வண்டி உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அன்று பாஸ்டேக் கணக்கில் எந்தச் சுங்கச்சாவடியும் பதிவாகவில்லை என்பதற்கு வங்கியிலிருந்து அறிக்கை எடுங்கள். இவற்றோடு பரிவாகன் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும், செலான் போட்ட காவல் அலுவலகத்திலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் நீதித்துறை நடுவர் முன் மறுக்கலாம். கால அவகாசங்களை அரசு அவ்வப்போது திருத்துகிறது. உங்கள் அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியையே கணக்கில் எடுங்கள். செலான் உரிமையாளர் பெயரில் வருவதால் ஆட்சேபத்தில் முதலாளியின் கையெழுத்து வேண்டும். அவர் பணத்தை மிச்சப்படுத்தும் காரியம் என்பதால் மறுக்கமாட்டார்.

வழியில் ஒரு காவலர் நிறுத்தி, 'நீ வேகமாக வந்தாய்' என்று வெறும் கண்மதிப்பில் சொன்னால், ஒருவரின் அந்தக் கருத்தை மட்டும் வைத்து உங்களைத் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்திருக்க வேண்டும் என்று 183-ஆவது பிரிவே சொல்கிறது. அளவைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

உரிமம் போய்விடுமா?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓட்டுநருக்கு ஆயிரம் ரூபாய் அபராதத்தைவிட உரிமம் பெரிது. வேக மீறல் இரண்டாவது முறையானால் உரிமத்தைக் கைப்பற்றலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, வேக மீறலுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி உரிமம் வழங்கும் அதிகாரி உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே உத்தரவு போட முடியும். அந்த அறிவிப்பு வந்தால் பயந்து ஒளியாதீர்கள், நேரில் போங்கள். குரல் பதிவுகளையும், நீங்கள் அனுப்பிய பதிலையும், சரிசெய்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சான்றையும் கொண்டுபோங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

18,000 ரூபாய்க் கருவி செய்யும் என்று நீங்கள் நம்பிய வேலையில் பாதியைக் கைபேசி வரைபடச் செயலியே இலவசமாகச் செய்கிறது. பல இடங்களில் வேக வரம்பைத் திரையில் காட்டும், தாண்டினால் எச்சரிக்கும். கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சாலையை நானும் அறிவேன். சீமைக்கருவேலம் இருபுறமும் அடைத்து நிற்கும் இடத்தில் ஆடு எப்போது குறுக்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. ராமேஸ்வரத்துக்குப் பாதயாத்திரையாக வருபவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடக்கிறார்கள். 60-ல் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தைப் போல 91-ல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக வேண்டும். ராமநாதபுரம்–பரமக்குடி முழுவதும் 60-க்குப் பதில் 80-ல் போனாலும் மிச்சமாவது 12 நிமிடம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணம் இல்லையே என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது மூன்று செலான்களின் நகல், உரிமத்தின் நகல், பட்டறை ரசீது, பாஸ்டேக் அறிக்கை, சம்பளம் பிடித்த மாதங்களின் விவரம், குரல் பதிவுகள் உள்ள கைபேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது செலானின் கடைசித் தேதிக்கு முன்பே போய்விடுங்கள்.